பழைய ஃபைலில் புது வீடு

வீட்டு பிளான் வரைகிறவனுக்குச் சுவர், ஜன்னல் போடுவதெல்லாம் பெரிய வேலையே இல்லை. தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு யார் வீடு, எந்த ஊர் என்று எழுதுகிறோமே, அதில்தான் உயிர் போகும்.

அந்தக் கட்டத்துக்கு டைட்டில் பிளாக் என்று பெயர். அதில் பாதி எழுத்து மாறாது. 'உரிமையாளர்', 'கிராமம்', 'வட்டம்' எல்லாம் அந்தக் கணக்கு. மீதி, வீட்டுக்கு வீடு மாறும். பிளாக்கைக் கொண்டுவந்து வைத்ததும் பெயர் என்ன, ஊர் என்ன என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கேட்கும். நாம் பதில் அடிக்க வேண்டும். புதுக்கோட்டையில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் பதினாறு வருடமாக நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கச் சோம்பல்பட்டு, பழைய ஃபைலைத் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்துப் பிழைக்கும் சக பாவிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

நடுவில் காலி இடம்

அருள்ராஜ் குளத்தூர் பக்கத்து ஆள். குவைத்தில் வெல்டர். நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். திரும்பிப் போவதற்குள் அஸ்திவாரக் கல்லைத் தன் கையால் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பதினோரு வருடம் அங்கே கிடந்ததே இந்த ஒரு கல்லுக்காகத்தான் என்றார். மனைவி ஜெயராணி பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்படி எந்தப் பக்கம் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அருள்ராஜுக்கு முன்னால் நான் வரைந்தது பொன்னமராவதி மளிகைக்கடைக்காரர் பழனியப்பனின் வீடு. அவர் ஊர்ப் பெயர் நீளம். மாறாத எழுத்தான 'வட்டம்' மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. இரண்டு எழுத்தையும் ஒரே வரியாகச் சேர்த்துவைக்க வழி இருக்கிறது. ஊர் நீண்டால் 'வட்டம்' தானே தள்ளிப் போகும். அதற்கு அரை நாள் உட்கார்ந்து பிளாக்கைத் திருத்த வேண்டும். நான் அரை நிமிடத்தில் பிளாக்கைத் தனித்தனி எழுத்தாக உடைத்து, 'வட்டம்' என்பதைக் கையால் தள்ளி வைத்தேன். அதே ஃபைலில்தான் அருள்ராஜின் வீட்டையும் வரைந்தேன். குளத்தூருக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு மினி பஸ் நிற்கிற அளவு இடம் விழுந்தது. பிரிண்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த அருள்ராஜ் கேட்டார்: "நடுவுல இம்புட்டு எடம் சும்மா கெடக்கே சார், இங்கிட்டு இன்னொரு ஊரு வருங்களா?"

பூஜை அறை

அறைகளின் பெயருக்கும் ஒரு பிளாக் உண்டு. நீள அகலம் மாறும், பெயர் மாறாது. வடகிழக்கு மூலையில் ஐந்துக்கு ஐந்து போட்டால் அது பூஜை அறை என்று என்றைக்கோ முடிவு செய்து நிரந்தரமாக அடித்துவைத்திருந்தேன். மாதா படம் போட்ட கீ-செயினைச் சுழற்றியபடி அருள்ராஜ் எதிரே உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை.

ஜெயராணி அந்த மூலையில் விரலை வைத்தார். நான் அசடு வழிந்துகொண்டே, 'ஜெப அறை' என்று மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் அதற்கும் மசியவில்லை. "பூசைக்கு நாங்க கோயிலுக்குப் போயிருவோம் சார், செபம் சொல்ல ஒரு மூலை போதும். அந்த ரூம அடுப்படியோட சேத்து விட்ருங்க."

ஓர் இடம், இரண்டு பேர்

இடம் ஜெயராணி பேரில் இருந்தது. உரிமையாளர் பெயரை ஒழுங்காக மாற்றினேன், கிராமத்தை மாற்றினேன், சர்வே எண்ணை மாற்றினேன். அனுமதிக்கு ஆன்லைனில் ஏற்றியாயிற்று. ஒன்பதாம் நாள் பிளான் திரும்பி வந்தது.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: 'இன்னாராகிய நான் இந்த இடத்தின் உரிமையாளர்' என்று. அந்த 'இன்னார்' மாறும் எழுத்து. ஆனால் நான்தான் பிளாக்கை உடைத்துவிட்டேனே! உடைத்த பிளாக் எதையும் கேட்காது. நாமாகத் தேடித் தேடி மாற்ற வேண்டும். அங்கே மளிகைக்கடைக்காரர் சட்டமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் இன்ஜினியர் குரலை உயர்த்தாத மனிதர். திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஜெயராணி நெலத்துல பழனியப்பனக் குடியேத்திட்டியேப்பா. நானும் படிக்காமக் கையெழுத்துப் போட்ருக்கேன் பாரு" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் திருத்தி ஏற்றினேன். ஆனால் வரிசை முதலிலிருந்துதான். அருள்ராஜை வரச்சொல்லி விஷயத்தை நானே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் போனில் காலண்டரைத் திறந்து விரலால் எண்ணினார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலக் கேட்டார்: "இன்னும் பன்னெண்டு நாளு இருக்குல சார், அதுக்குள்ள வந்துரும்ல?"

கல்

அவர் விமானம் ஏறி நான்காம் நாள் அனுமதி வந்தது. மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள் என்று குவைத்திலிருந்து சொல்லிவிட்டார். பிளான் வரைகிறவன் கல் வைக்கிற இடத்துக்குப் போகும் வழக்கமில்லை. நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

ஃபாதர் செபம் சொல்லி முடித்துத் தண்ணீர் தெளித்தார். கொத்தனார் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அருள்ராஜின் தம்பி சலவை வேட்டியில் தயாராக வந்திருந்தார். "அண்ணன் இல்லாத எடத்துல தம்பி வைக்கிறதுதானே மொற, வாங்க தம்பி" என்றார் கொத்தனார்.

ஜெயராணி கக்கத்தில் இருந்த பிளானை விரித்தார். நான் வரைந்த கட்டத்தில் விரலை வைத்து, "இதுல யாரு பேரு போட்ருக்குன்னு படிங்க கொத்தனாரே. அடியிலயும் போட்ருக்கு, அதையும் படிங்க. அதுக்குத்தான் இம்புட்டு நாளு ஆச்சு" என்றார். கொத்தனார் படித்தார். தம்பி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஜெயராணி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

வீடியோ காலில் அருள்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பிடித்திருந்தது நான். பதினோரு வருடம் ஒரு மனிதன் காத்திருந்ததை அரை நிமிடச் சோம்பலில் கெடுத்தவன் கையிலேயே அந்தப் போன் வந்து சேர்ந்தது. ஜெயராணியின் முகம் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். அந்தப் பக்கமிருந்து அருள்ராஜின் குரல் வந்தது: "சார், போனக் கொஞ்சம் கீழ எறக்கிப் புடிங்க, கல்லு தெரியல."

இப்போதெல்லாம் அரை நாள் உட்கார்ந்து பிளாக்கை ஒழுங்காகத்தான் செய்கிறேன். அதில் மாறாத எழுத்தாக நான் துணிந்து விட்டுவைத்திருக்கும் ஒரே பெயர், 'வரைந்தவர்' என்பதற்கு எதிரே இருக்கும் என் பெயர்தான், திட்டுவதற்கு ஆள் தேடி யாரும் அலையக்கூடாது பாருங்கள்.