கதிர் குறைந்த புஞ்சை

புதூர்ப் பக்கம் ஒரு வறண்ட கிணற்றுக்குள் தாது தேடும் மெஷினை இறக்கிய முதல் நாள், எங்கள் ஆபீசர் சொன்னது இவ்வளவுதான்: "கவுண்ட் குறைஞ்சா நமக்கு நல்லது. பேட்டரி டவுன் ஆகாம பாத்துக்கோ." ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வேலை இதுதான். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. மண்ணையும் பாறையையும் துளைத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் வந்துவிடும். வழியில் கனமான தாது இருந்தால் கொஞ்சம் கதிர் அங்கேயே நின்றுவிடும். கதிர் பட்டால் மினுங்கும் சிந்திலேட்டர் பலகைகளை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால், அந்தத் திசையிலிருந்து வருவதைக் கவுண்டர் எண்ணும். நான் வெறும் காவல். ஒரு திசைக்கே வாரக்கணக்கில் ஆகும். தொண்ணூறுகளின் கடைசி, கையில் செல்போன் கிடையாது. படுக்கை மோட்டார் ரூமில். நான் கோவில்பட்டிக்காரன், தீப்பெட்டி ஆபீஸ் இரைச்சலில் வளர்ந்தவன். பகல் முழுக்க ஒரு மனிதக் குரல் கேட்காமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேட்டரியிடம்கூடப் பேசியிருக்கிறேன்.

பேச்சுத்துணைக்கு வந்தது லட்சுமியக்கா ஒருவர்தான். பக்கத்துப் புஞ்சை அவருடையது. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. ஆடு பத்திக்கொண்டு போகும்போது நிற்பார்.

"என்ன தம்பி செய்யுதீங்க?"

"மேல இருந்து வார கதிர எண்ணுதேன்க்கா. இப்ப ஒங்க புஞ்சைக்குத்தான்."

அதற்குப் பிறகு தினமும் ஒரே கேள்வி. "கதிர் எப்படி தம்பி?"

"கொறையுதுக்கா. நல்லா கொறையுது" என்று நானும் சந்தோஷமாகச் சொல்வேன். அக்கா முகம் வாடிவிடும்.

புரட்டாசி முடியும் நேரம். சுற்றிலும் விதைப்பு முடிந்துவிட்டது. அக்கா புஞ்சை மட்டும் உழுதபடி கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"நீங்கதான கதிர் கொறையுதுன்னு சொன்னீங்க. வெளையாத காட்டுல வெதச்சோளத்த எதுக்குக் கொட்டணும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா கேட்டது சோளக்கதிரை. மெஷின் வெள்ளாமைக்குக் குறி சொல்கிறது என்று நினைத்திருக்கிறார். விளக்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கே போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "அப்ப ஒங்க கதிர் கொறஞ்சா என்ன அர்த்தம்?"

"அடியில தாது இருக்கலாம்னு அர்த்தம்க்கா."

"இருந்தா எங்க காட்டத் தோண்டுவாவளா?"

"அது மேல உள்ளவிய எடுக்கிற முடிவு. எனக்கெல்லாம் சொல்ல மாட்டாவ."

ஆடுகளைத் திருப்பினார். "சரி சார், வாரேன்" என்றார். அதுவரை நான் தம்பியாக இருந்தேன்.

மறுநாளே விதைத்தார். ஆடுகள் அதன்பின் ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போயின. மீண்டும் பேட்டரியும் நானும்தான். மெஷினைத் தூக்கிய அன்று வரப்பில் நின்று "போயிட்டு வாரேன்க்கா" என்றேன். களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. அந்த இடம் தோதுப்படாது என்று ஆபீஸ் கைவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அதை அக்காவிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. மெஷினை இறக்கும் முன்பே, எதைத் தேடுகிறோம் என்று நிலத்துக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்களோடு பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அது தெரிந்தே சொல்லுங்கள்.