மாம்பலத்தில் ஒரு பம்பிள் பீ

ட்யூனிங் ஃபோர்க் எனப்படும் இசைக்கவையை ரப்பர் செருப்பின் அடியில் ஒரு தட்டுத் தட்டி, அது அதிர அதிரத் தக்காளிப் பூவின் காம்பில் வைத்தாள் அபயாம்பாள். ஒன்றும் உதிரவில்லை.

"பிசிக்ஸ் டீச்சர் பூவுக்கு வைத்தியம் பாக்கறா," என்றார் அவள் கணவர் வெங்கடரமணன், கூடத்திலிருந்து. "கார்த்திகை முடியட்டும். பிஞ்சு பிடிக்கலேன்னா தொட்டியெல்லாம் கீழே போயிடும், என் சாய்வு நாற்காலி பால்கனிக்கு வந்துடும். நீ ஒத்துண்டதுதான்."

"இன்னும் முடியலையேன்னா."

மேற்கு மாம்பலத்துக் கொசுவுக்குப் பயந்து பால்கனி முழுக்க வலை அடித்தவர் அவர். கொசு எப்படியோ வந்தது, தேனீதான் வரவில்லை. செடி பூத்துப் பூத்துக் கொட்டியது.

அந்த வருடம், தொண்ணூற்று நான்கு கோடையில், பத்ரிநாத் போகும் வழியில் ஒரு தக்காளிக் கொல்லையில் அவள் பம்பிள் பீ என்ற பெரிய தேனீயைப் பார்த்திருந்தாள். குண்டு உடம்பு, கம்பளிக்கோட்டு போட்டாற்போல் ரோமம். பூவைக் கட்டிக்கொண்டு ஒரே இரைச்சல். மகரந்தம் பொலபொலவென்று கொட்டியது. பஸ்ஸில் எல்லோரும் கூப்பிட்டும் அவள் நகரவில்லை.

அந்த இரைச்சல்தான் மந்திரம் என்று முதலில் நினைத்து, பூக்களுக்கு எதிரே ஒரு வாரம் சுருதிப்பெட்டியை ஓடவிட்டாள். எதிர்வீட்டு அன்வரி பேகம் கதவைத் தட்டினாள்.

"இன்னா டீச்சரம்மா, உங்க வூட்ல யாரு பாட்டு கத்துக்கறது? ஆரம்பிக்கவே மாட்டேன்றாங்களே!"

சிரித்து முடித்தபோதுதான் அபயாம்பாளுக்கு உறைத்தது. அந்தத் தேனீ சிறகை மடித்துக்கொண்டு, பூவைக் கவ்வித் தொங்கியல்லவா இரைந்தது? சத்தம் போதாது, உலுக்க வேண்டும். மறுவாரமே பள்ளி ஆய்வகத்திலிருந்து இசைக்கவை வீடு வந்தது.

காம்பை விட்டு இப்போது பூவின் முதுகிலேயே வைத்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த அன்வரி பேகம் தன் கறுப்புத் துப்பட்டாவைக் கீழே விரித்துப் பிடித்தாள். கவை ரீங்கரித்தது. துணியில் மஞ்சள் தூசி.

"யா அல்லா! கொட்டுது டீச்சரம்மா, கொட்டுது!"

வெங்கடரமணன் மூக்குக்கண்ணாடியோடு ஓடிவந்தார். "எங்கே, நான் ஒரு தடவை..." கவையை ஓங்கித் தட்டி வைத்தார். பூ ஒடிந்து கையோடு வந்தது.

"சார், அது பூ. காலிங் பெல் இல்லே!"

கார்த்திகை முடிவதற்குள் இரண்டு கொத்தில் மிளகளவு பச்சை நின்றது.

"இதுக்குப் பேர் தக்காளியாடி?"

"பிஞ்சுன்னுதானே சொன்னேள்?"

குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பிஞ்சுதான்," என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. அபயாம்பாள் பத்தாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்தினாள். சாயங்காலம் மழை பெய்தது. வெங்கடரமணன் கூடத்திலேயே சாய்வு நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்தார். இரவு ரசமும் அப்பளமும்.