சோற்றால் ஒட்டிய கிரகணப் பாடம்

எண்பதாம் ஆண்டு. கல்முனைக்குத் தெற்கே கடற்கரையோரம் இருக்கிற எங்கள் ஊரில், நபிகள் பிறந்த மௌலூது மாதத்துக் கடைசியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் சூரிய கிரகணம் வந்தது. அப்போது நான் ஏழு மாதம். வயிற்றில் இரண்டாவது பிள்ளை. மூத்த மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. வேளாண்மை வெட்டுக் காலம் என்பதால் அவளுடைய வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வயலிலேயே வாடிக் குடிசையில் தங்கியிருந்தார். வீட்டில் நானும் மகளும்தான். அடுத்த வளவில் என் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர், இருந்தார்.

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தவணை மகளுடைய வகுப்பில் சூரியன், சந்திரன், கிரகங்கள் என்று பாடம் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுப்படியில் என் பின்னாலேயே நின்று ஒப்புவிப்பாள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி. அதற்குப் பிறகு என் வாயில் நுழையாத மூன்று பெயர்கள்.

"என்ன மகள், கிழமையெல்லாம் மாறிச் சொல்றாய்? புதனுக்குப் பிறகு வியாழனெல்லவா?"

"இது கிழமையில்ல உம்மா, கிரகம். எல்லாம் சூரியனச் சுத்துது. நம்மளும் சுத்திட்டுத்தான் இரிக்கம்."

"நான் சுபஹுலயிருந்து அடுப்பச் சுத்திட்டு இரிக்கன். அது காணாதா?"

அவள் சிரிப்பாள். "அப்ப காலையில கடலுக்குள்ளால வாறது ஆரு?" என்று கேட்டால், "அது வாறல்ல உம்மா. நம்மதான் அங்கால திரும்புறம்" என்பாள். பிறந்த நாளில் இருந்து அந்தக் கடலில் சூரியன் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவள் அப்படிச் சொன்ன பிறகு ஒரு காலையில் கடற்கரையில் நின்று, நான்தான் திரும்புகிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். தலை சுற்றியது. ஆனாலும் பிடித்திருந்தது.

கிரகணம் என்றால் எங்கள் பகுதிப் பெண்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருப்பவள் வெளியே இறங்கக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது, கீறக் கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பார்கள். காரைதீவுத் தமிழ்ப் பெண்களிடமும் இது உண்டு. எங்கள் மார்க்கத்தில் இப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பெண்களுக்குள் அது மார்க்கம் போலவே நடந்தது.

அன்று காலையிலேயே ராத்தா வந்து கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டுபோனார். தேங்காய் துருவும் திருவலையையும் விடவில்லை. ஜன்னலுக்குப் புடைவை கட்டினார். மத்தியானம் என்னைக் கட்டிலில் இருத்தி, "நகத்தையும் கடிக்காத புள்ள" என்று சொல்லிவிட்டு லுஹர் தொழப் போனார்.

பள்ளிவாசலில் கிரகணத் தொழுகைக்கு ஆண்கள் கூடும் சத்தம் கேட்டது. வெளிச்சம் ஒரு மாதிரி மங்கியது. மேகம் மறைத்த மங்கல் அல்ல, விளக்குத் திரியைக் குறைத்தது போல. அப்போதுதான் மகள் பின்கதவால் தலையை நீட்டினாள்.

"உம்மா, ஒருக்கா வாங்க."

"ஏலாது மகள். பெரியம்மா ஏசுவா."

"மேல பார்க்கத் தேவல்ல. டீச்சரும் பார்க்க வேணாமெண்டுதான் சொன்ன. நிலத்த மட்டும் பாருங்க. இனி இப்பிடி எப்ப வருமோ தெரியா."

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். படித்ததைத் தன் கண்ணால் கண்டுவிட்ட முகம். அதைக் காட்டுவதற்கு அவளுக்கு அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் எழும்பிப் போனேன்.

பின் வளவில் முருங்கை மரம். அதன் கீழே வெள்ளை மணல். இலைகளுக்கு இடையால் விழும் வெளிச்சப் பொட்டுகள் மற்ற நாட்களில் வட்டம் வட்டமாகக் கிடக்கும். அன்று அவ்வளவும் பிறை. மணல் முழுக்கப் பிறை. காற்று அசைத்தால் எல்லாப் பிறையும் ஒன்றாக அசைந்தன. என் வயிற்றிலும் ஏழெட்டுப் பிறைகள் விழுந்தன. மகள் அவற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒவ்வொண்டும் சூரியன்ட படம் உம்மா. சந்திரன் குறுக்கால வந்து மறைச்சிட்டு. அதான் சூரியன் பிறை மாதிரி இரிக்கி. மாசக் கடைசியிலதான் இது வருமாம். அப்பதான் சந்திரன் நமக்கும் சூரியனுக்கும் நடுவுல நிக்குமாம்."

வயது வந்த நாளில் இருந்து பிறையை வைத்து மாதம் எண்ணுகிறவள் நான். மாதக் கடைசியில் பிறை எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்று தடவை குல்ஹுவல்லாஹ் ஓதும் நேரம்தான் நின்றிருப்பேன். உள்ளே வந்து கட்டிலில் இருந்துகொண்டேன். "பெரியம்மாக்குச் சொல்லாத" என்றேன். தொழுகை முடிந்து பள்ளி ஒலிபெருக்கியில் பயான் கேட்டது. யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் நாயகம் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆலிம் பேசினார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான். மேலுதடு இடப்பக்கம் மூக்கு வரை பிளந்திருந்தது.

அவனுடைய வாப்பா வந்து தூக்கினார், காதில் பாங்கு சொன்னார், நெற்றியில் முத்தமிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ராத்தாதான்.

"கிரகணத்தண்டு என்னத்த வெட்டினாய்?"

"ஒண்டும் வெட்டல்ல."

"வெளிய இறங்கினியா?"

"இல்ல."

வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். எல்லாருக்கும் இல்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் இருந்தேன்.

பிள்ளைக்குப் பால் கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. பிடித்து உறிஞ்ச முடியவில்லை. கரண்டியால் ஊட்டினால் பாதி வழிந்துவிடும். மூன்று நாள் ஒழுங்கான நித்திரை இல்லை. நாலாம் நாள் மத்தியானம் நான் கரண்டியோடு இருக்க, பக்கத்தில் மகள் எழுதுகிற கொப்பியை விரித்து வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பால் முழுவதும் என் மடியில் கொட்டுப்பட்டது. எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியாது.

"போதும் உன்ட சூரியனும் சந்திரனும். உன்ட படிப்பாலதான் என்ட புள்ளைக்கு இந்த வாய்."

என்ட புள்ளை என்றேன். அவளும் என் பிள்ளைதான் என்பது அந்த நேரம் மறந்துபோனது.

அவள் அழவில்லை. கொப்பியை மூடிக்கொண்டு எழும்பிப் போனாள்.

அன்றில் இருந்து வீட்டில் அவள் சத்தம் இல்லை. கிரகங்களின் பெயர் கேட்கவில்லை. தொட்டில் பக்கம் போக மாட்டாள். "தம்பியக் கொஞ்சம் புடி மகள்" என்றால், "கை ஊத்தையா இரிக்கி" என்று கழுவப் போவாள், திரும்பி வர மாட்டாள். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்தாள். எனக்கு விளங்கியது. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஏனென்றால் அவள் காரணமாக இருக்கக்கூடும் என்று எனக்குள்ளும் ஒரு மூலையில் நினைப்பு இருந்தது. அவள் மேல் போட்டுவிட்டால் என் பங்கு குறைகிறது என்ற நினைப்பும் இருந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் அவளுடைய புத்தகப் பையை ஒதுக்கும்போது கொப்பியை எடுத்தேன். நடுவில் இரண்டு பக்கங்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஓரமெல்லாம் காய்ந்த சோற்றுப் பருக்கை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம், நடுவில் கோடுகள். கிரகணப் பாடத்தைச் சோறு பிசைந்து ஒட்டி மூடி வைத்திருந்தாள். என் ஒன்பது வயதுப் பிள்ளை.

அடுத்த வாரம் கிளினிக். பிள்ளையை நிறுக்கிற தாதி மிஸ்ஸியிடம், முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டு, கிரகணத்தில் வெளியே போனதால் இப்படி வருமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் நல்ல மனுஷி, ஆனால் குரல் பெரிது.

"டொக்டர், இந்த உம்மா கிரகணத்தப் பார்க்கப் போனாவாம். அதாலயா உதடு பிளந்த எண்டு கேக்கா."

வாங்குப் பலகையில் இருந்த அத்தனை தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது. டொக்டர் இளம் ஆள். சிரிக்கவில்லை.

"கிரகணம் வரக்குள்ள எத்தன மாசம்?"

"ஏழு."

"வகுத்துல இரிக்கிற புள்ளைக்கு மேலுதடு மூணு மாசத்துக்குள்ளயே சேர்ந்து முடிஞ்சிரும். சில புள்ளைக்குச் சேராமப் போற. ஆருட பிழையுமில்ல. ஏழாம் மாசத்துல வந்த கிரகணம் என்னத்தப் பிளக்கிற? நீங்களே கணக்குப் பாருங்க. இத ஒப்பரேஷன் பண்ணித் தைக்கலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விரலில் எண்ணினேன். நோன்பு மாதம் ஒன்று. பெருநாள் மாதம் இரண்டு. அடுத்தது மூன்று. உதடு சேர்வது, நாலாவதான ஹஜ்ஜு மாதத்துக்கு முதலே முடிந்துபோன வேலை. கிரகணம் வந்ததோ மௌலூது மாதத்தில், ஏழில். திரும்பத் திரும்ப எண்ணினேன். ஏழுதான் வந்தது.

வந்ததும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மகளைப் பின் வளவுக்குக் கூப்பிட்டேன். "கிரகணம் எப்பிடி வாற எண்டு எனக்குக் காட்டு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது என்றாள். நான் ஒரு தேங்காயையும், ஈர்க்கில் குத்திய ஒரு சின்னத் தேசிக்காயையும் எடுத்து வந்தேன். தேங்காய் பூமி, தேசிக்காய் சந்திரன் என்று நானே சொல்லி, வேண்டுமென்றே தேசிக்காயைத் தேங்காய்க்குப் பின்னால் பிடித்தேன்.

தேசிக்காயை ஓரக்கண்ணால் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. "பிழை உம்மா. முன்னுக்குப் புடிக்கணும்" என்று என் கையை இழுத்துச் சூரியனுக்கு நேராக வைத்தாள். தேங்காயின் மேல் கறுப்பாக ஒரு சின்னப் பொட்டு விழுந்தது. அதில் என் விரலை வைத்தேன்.

"இது என்ன மகள்?"

"நிழல்."

"நிழல் வெட்டுமா?"

அவள் தேசிக்காயை அசைத்து அந்தப் பொட்டை நகர்த்திப் பார்த்தாள்.

"அண்டைக்கு இந்த நிழல் ஆர் ஆருக்கெல்லாம் பட்டிச்சி?"

"ஊருக்கெல்லாம் பட்டிச்சி." யோசித்துவிட்டுச் சொன்னாள். "பெரியம்மாட செனை ஆட்டுக்கும் பட்டிச்சி. அது வேலிக்குப் பக்கத்துலதான் கட்டிக் கிடந்த. ரெண்டு குட்டியும் நல்ல வாயோடதானே பிறந்த."

"ஓம்."

"ஆட்டுக்கு ஆரும் கத்திய ஒளிக்கவுமில்ல."

அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையும் வந்தது. மணலில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். டொக்டர் சொன்ன கணக்கை அவளுடைய விரலிலேயே எண்ணிக் காட்டினேன். "உம்மா சொன்னது பிழை மகள். பெரிய பிழை. எனக்கு மாப்பு செய்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் மாப்புக் கேட்பது எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. அவள் என் முக்காட்டில் முகத்தைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ராத்தா வேலிப் படலையைத் திறந்து வந்தார். மகள் என் கையை இறுக்கினாள். "சொல்லாதங்க" என்றாள் காதுக்குள். சொல்லாமல் விட்டால் அவளுக்கு அது என்றைக்கும் ஒளித்து வைத்த குற்றமாகவே இருக்கும் என்று எனக்குப் பட்டது.

"ராத்தா, கிரகணத்தண்டு நான் வெளிய இறங்கினன். என்ட விருப்பத்துலதான் இறங்கின."

"அப்ப நான் கேக்கக்குள்ள?"

"பொய் சொன்னன்."

டொக்டர் சொன்னதையும் சொன்னேன். ராத்தா நின்றபடியே விரல் மடித்தார். "ஹஜ்ஜுக்கு முதலா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். மறுபடி மடித்தார். "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஒன்றும் நடக்காதது போல, என் கையில் இருந்த கரண்டியை வாங்கிப் பிள்ளைக்குப் பால் ஊட்டினார். "சரிச்சுப் புடி புள்ள, அப்பதான் வழியாது" என்றார். சரித்துப் பிடித்தால் உண்மையிலேயே வழியவில்லை.

மகளோ, மணலில் நாங்கள் கணக்குப் பார்த்த அன்று பின்னேரமே, யாரும் சொல்லாமல், கையைக் கழுவிக்கொண்டு போய்த் தம்பியைத் தூக்கினாள். அந்தப் பிளந்த உதட்டில் விரலால் மெதுவாகத் தடவி, அவனுக்குக் கிரகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு, நான் உலையைக் கொதிக்க விட்டேன்.

மகனுக்கு ஆறு மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். இப்போது மீசைக்குள் அந்தக் கோடு தெரியாது. மகளும் பிள்ளைகளைப் பெற்றுவிட்டாள். அந்த மத்தியானம் நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று அவளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. வானத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்கு அவள் காட்டித் தந்தது மட்டும்தான் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் போனால், அது என்ன செய்தது என்று நான் கேட்பதில்லை. நான் என்ன சொன்னேன் என்றுதான் முதலில் யோசித்துப் பார்க்கிறேன்.