துக்க வீட்டுக்குக் காபி

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில், பட்டு நெய்பவர்களின் தெருவில் குடியிருக்கிறேன். தறி இல்லாத வீடு என்னுடையது ஒன்றுதான். ‘ஸ்கூல் டீச்சருக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?’ என்று கேட்பீர்கள். வாடகை குறைவு, வேறென்ன! விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை இரண்டு பக்கமும் டடக்... டடக்... பரீட்சைப் பேப்பர் திருத்தும்போதும் அதே தாளம், தலைவலியில் படுத்திருந்தாலும் அதே தாளம்.

அன்றைக்கு எனக்கு ஜலதோஷம். லீவு போட்டுவிட்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஒரு தறி நின்றது. அதற்கு அடுத்த வீட்டில் நின்றது. பிறகு எதிர் வரிசையில் நின்றது. நான் போர்வையை உதறிவிட்டு எழுந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ இறந்துவிட்டார்கள். சொந்தமோ பகையோ, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் உடல் தெருவைத் தாண்டும் வரை ஒருவரும் தறியில் உட்கார மாட்டார்கள். இதை யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. பக்கத்துத் தறி நின்றால் நம் தறியும் நிற்கும். யார், என்ன என்று விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எனக்கு அடுத்த வீட்டுத் தறியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக் கஸ்தூரி, கொண்டையை முடிந்துகொண்டே என் வாசலுக்கு வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். போளூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ஏழுமலைக்குக் கப்பலில் வேலை. இவள் மாமனாரோடு இருந்து, புருஷன் விட்டுப்போன தறியில் நெய்கிறாள்.

“டீச்சர், பால் இருந்தா ஒரு டம்ளர் குடுங்க. எங்க வூட்டுது திரிஞ்சிபோச்சி. துக்க வூட்டுக்குக் காபி போட்டு எடுத்துகினு போவணும்.”

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் இல்லையா? அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் காபி போகும், சோறு போகும்.

“யாரு கஸ்தூரி?”

“தெரிலியே டீச்சர். கோடி வூட்டுக் கெழவியாத்தான் இருக்கும். பாவம், ஒரு மாசமா இழுத்துகினு கெடந்துச்சி. போனா தெரிஞ்சிடும்.”

என் அடுப்பிலேயே காபி போட்டாள். “சக்கரைய கொஞ்சம் தூக்கலாப் போடுறேன் டீச்சர். அழுது அழுது தொண்டை காஞ்சிபூடும்” என்றாள். பெரிய தூக்கில் ஊற்றி மூடினாள். டம்ளர்களை நான் எடுத்துக்கொண்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். “யாருங்க? யார் வூட்டுல?” என்று கஸ்தூரி கேட்டுக்கொண்டே போனாள். ஒரு பெண் சட்டென்று உள்ளே போய்விட்டாள். ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கிழவிக்கா இவ்வளவு துக்கம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சத்தியமாக வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கோடி வீட்டுக் கிழவி வாசலில் கட்டிலில் படுத்திருந்தாள். உயிரோடுதான் இருந்தாள்.

அதற்கு முந்தின வீடு வரதனுடையது. ஏழுமலையும் அவனும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். வாசலில் வரதன் நின்றான். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஆரணியிலிருந்து எங்கள் தெருவுக்குப் பட்டும் ஜரிகையும் கொண்டுவரும் முதலாளி வீட்டு ஆள். வரதன் கஸ்தூரியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னாண்ணா? யாருண்ணா?” என்றாள் கஸ்தூரி.

உள்ளேயிருந்து வரதனின் மனைவி செல்வி ஓடிவந்தாள். தூக்கைப் பிடுங்கினாள். “அடிப்பாவி... உன் வூட்டுத் துக்கத்துக்கு நீயேவாடி காபி எடுத்துகினு வருவே?” என்று கதறினாள்.



கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட் மெட்ராஸிலிருந்து முதலாளி வீட்டுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவுக்குத் தெரிந்தவர்களில் போன் இருப்பது அந்த முதலாளி வீட்டில்தான். வளைகுடாவில் ஏழுமலையின் எண்ணெய்க் கப்பலைத் தாக்கிவிட்டார்கள். பலரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தாகிவிட்டது. சிலரைக் காணவில்லை. காணாமல் போனவர்களில் ஏழுமலையும் ஒருவன். இதை எப்படிப் பெற்றவரிடமும் பெண்டாட்டியிடமும் சொல்வது என்று தெரியாமல், சைக்கிள்காரர் முதலில் வரதனிடம் சொன்னார்.

“நான் யாருக்கும் சொல்லல டீச்சர். கேட்டதும் கை நின்னுபோச்சி. ஏழுமலையோட அப்பாவத் தனியா இட்டுகினு போய்ப் பதமாச் சொல்லலாம்னு எழுந்தேன்... அதுக்குள்ள பக்கத்துல நிறுத்திட்டாங்க” என்று வரதன் பிறகு என்னிடம் சொல்லி அழுதான்.

யாரைக் குறை சொல்வது? தெருவே மரியாதைக்காகத் தறியை நிறுத்தியது. ஆளுக்கு ஆள் காதோடு காதாகச் சேதி போனது. அவளிடம் மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. அவளும் தெருவோடு சேர்ந்து, முறை தவறாமல், யாருக்கென்று தெரியாமலே தன் தறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

ஏழுமலை ஒன்றும் கடல் பார்த்து வளர்ந்தவன் இல்லை. பட்டு நூல் விலை தாறுமாறாக ஏறி, கைக்கு வேலை வராத ஒரு வருஷத்தில் மெட்ராஸுக்குப் போனான். ஹார்பரில் இருந்த ஒரு சொந்தக்காரர் தயவில் கப்பல் சமையல்கட்டில் உதவியாள் ஆனான். போன தடவை வந்தபோது கேட்டேன். “ஏம்பா, அங்கே ஈரானும் ஈராக்கும் அடிச்சிக்கிறாங்களே... அந்தப் பக்கமா போறே?”

சிரித்தான். “அது அவங்க ரெண்டு பேரு சண்டை டீச்சர். எங்க கப்பல்ல பறக்கறது வேற நாட்டுக் கொடி. எங்கள இன்னாத்துக்குச் சுடப்போறான்?”

நியாயமான கேள்விதானே? ஆனால், நியாயத்துக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு வருஷம் முன்னால் எங்கள் தெருக் குழாயடியில் ஒரு சண்டை. யார் குடம் முன்னால் என்று இரண்டு பெண்கள் ஆரம்பித்தார்கள். புருஷன்மார் வந்தார்கள். பங்காளிகள் வந்தார்கள். சாயங்காலம் தெள்ளாரிலிருந்து ஒருத்தியின் அண்ணன் தம்பிகள் லாரி பிடித்து, கழியோடு வந்து இறங்கினார்கள். கடைசியில் யார் மண்டை உடைந்தது தெரியுமா? அந்த வழியாகப் போன வளையல் வியாபாரிக்கு! அந்த ஆளுக்குக் குடம் எதுவென்றும் தெரியாது, குழாய் எதுவென்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, “இன்னா விஷயமுங்க?” என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டார்.

அப்போது நாங்கள் சிரித்தோம்.

ஈரான், ஈராக்கிலும் முதலில் எல்லைக்கோட்டில் பட்டாளத்தோடு பட்டாளம்தான் மோதியது. பிறகு ஊர்கள் மேல் குண்டு விழுந்தது. உன் எண்ணெயை விற்கவிடமாட்டேன் என்று இவன், உன்னதை நான் விடமாட்டேன் என்று அவன். அப்புறம் எண்ணெய் ஏற்றப்போன கப்பல்கள் — யார் கொடியாக இருந்தால் என்ன? இப்போது அந்தக் கப்பல்களுக்குக் காவல் என்று பெரிய நாடுகளின் போர்க்கப்பல்களும் அங்கே போய் நிற்கின்றனவாம். தெள்ளார் லாரி கிளம்பிவிட்டது! இனி யார் யார் வருவார்கள்? எவர் கையில் என்ன இருக்கும்? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இதைப் பேசுகிறார்கள். அமெரிக்கா இறங்கினால் இப்படி, ரஷ்யா இறங்கினால் அப்படி...

கஸ்தூரி வீட்டுக்கு வருகிறேன்.

புதன்கிழமையும் தறிகள் ஓடவில்லை. எப்போது ஓட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. உடல் தெருவைத் தாண்டினால் ஓட்டலாம். எந்த உடல்? எந்தத் தெரு? தூக்குவதற்கு ஒன்றும் இல்லாத சாவு எங்கள் தெருவுக்கு இதுதான் முதல் தடவை. கூடிக் கூடிப் பேசினார்கள். தறியை ஓட்டினால் ஏழுமலைக்கு மரியாதை இல்லை. ஓட்டாவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று தெருவே சொன்னதாக ஆகிவிடும். போளூரிலிருந்து கஸ்தூரியின் அம்மா வந்து, மகளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். கஸ்தூரி அழவில்லை. நெற்றியில் வழக்கமான பொட்டு இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தவர்கள் அழுதார்கள்.

வியாழக்கிழமை அந்த சைக்கிள்காரர் மறுபடியும் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் முதலாளி சொல்லி அனுப்பியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? கஸ்தூரியின் தறியில் ஓடுவது யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை, அரக்கு நிறத்தில் அகல ஜரிகை. துக்க வீட்டில் கூறைப்புடவை நெய்தார்கள் என்று தெரிந்தால் பெண் வீட்டார் வாங்க மாட்டார்களாம். தறியில் ஏற்றிய பாவு நூலை அவிழ்த்து வேறு வீட்டுத் தறிக்கு மாற்றிவிடலாமா என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

மாமனார் முனுசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கஸ்தூரிதான் வாசலுக்கு வந்தாள்.

“காணோம்னுதான சொன்னாங்க? செத்துட்டார்னா சொன்னாங்க?”

“இல்லம்மா... காணோம்னுதான்...”

“அப்போ இந்த வூட்டுல இன்னா துக்கம்? போய்ச் சொல்லுங்க உங்க மொதலாளிகிட்ட. பொடவ நான்தான் நெய்வேன்.”

உள்ளே போனாள். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். ஊடு நூல் ஓடும் நாடாவை எடுத்தாள். மூன்று நாளாக மூச்சுவிடாமல் கிடந்த தெருவில் ஒரே ஒரு தறி மட்டும் ஓட ஆரம்பித்தது. டடக்... டடக்... அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. முனுசாமி வாயில் துண்டை வைத்து அடக்கிக்கொண்டு குலுங்கினார். தெருக்கோடியில் வரதன் தன் தறியை ஓட்டினான். பிறகு மற்றவர்களும் ஓட்டினார்கள். அவளுக்காக, அவன் இருக்கிறான் என்று சொல்வதற்காக ஓட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதலாளியும் மனிதர்தான். பாவு நூலை அவிழ்க்கச் சொல்லி மறுபடி ஆள் அனுப்பவில்லை.

நான் என்ன நம்புகிறேன்? வேண்டாமே. ஒவ்வொரு முறை அந்த சைக்கிள் மணி கேட்கும்போதும் அவள் தறி ஒரு கணம் நிற்கிறது. சைக்கிள் எங்கள் வாசல்களைத் தாண்டிப் போனதும் மறுபடி ஓடுகிறது. அந்த ஒரு கணத்தை அடுத்த வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு எந்த உதவியும் செய்ய எனக்கு வக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டம்ளர் பால் — அன்றைக்கு வாங்கியதைத் திருப்பித் தருகிறாளாம்! ‘உன்னை யாரடி கேட்டது’ என்று கோபம் வந்தது. அழுகையும் வந்தது. உட்காரச் சொன்னேன். டம்ளரை மேஜை மேல் வைத்தாள்.

“டீச்சர், நீங்க படிச்சவங்க. அவங்க ரெண்டு பேருக்கும் அப்படி இன்னா சண்டை?”

பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பவள் நான். பழைய பகை, எண்ணெய், யார் பெரியவன் என்ற போட்டி என்று என்னென்னவோ வாயில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது எதையும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில், எனக்கே கேட்காத குரலில், “ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடுதும்மா. அது யாருக்குச் சொந்தம்னுதான் ஆரம்பிச்சது” என்றேன்.

“ஆத்துக்கா?”

“ஆமாம்.”

நம்பமுடியாமல் என்னைப் பார்த்தாள். சேதி வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் கண் நிறைந்து நான் பார்த்தேன்.

“ஆத்துக்கா டீச்சர் இம்மாம் சண்டை? நம்ம ஊரு ஆறு சும்மாத்தான கெடக்குது... அத வேணா எடுத்துக்கச் சொல்லுங்க. அவர மட்டும் வுட்டுடச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா” என்றேன்.

யாரிடம் போய்ச் சொல்வேன்? எனக்கென்று இருப்பது வாரம் ஒரு முறை எழுதும் இந்தப் பத்திதான். சொல்லிவிட்டேன்.