கிள்ளானில் எனக்கு மட்டும் புகைமூட்டம்

முதல் செமஸ்டரை ஸ்ட்ராங்கா ஆரம்பிக்கணும்னு சபதம். இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு முதல் கிளாஸ், ஆன்லைன்ல. ஏழரைக்கே குளிச்சு, தலை சீவி, லேப்டாப் முன்னாடி ஆஜர். மூணு கலர்ல ஹைலைட்டர் வேற.

கேமரா ஆன் பண்ணாதவங்க ஆப்சென்ட்னு மேடம் முதல்லயே சொல்லிட்டாங்க. நான்தான் எப்பவோ ஆன் பண்ணிட்டேனே!

முதல் ஆளா கையைத் தூக்கி, நேத்தே தயார் பண்ணி வெச்ச கேள்வியைக் கேட்டேன். மேடம் திரையை உத்துப் பார்த்தாங்க.

"நீ எங்க இருக்கே?"

"கிள்ளான், மேடம்."

"அங்க காட்டுத்தீப் புகைமூட்டம் இவ்வளவு மோசமா? ஜன்னலைச் சாத்திட்டு மாஸ்க் போடு."

அப்பதான் திரையில என் வீடியோ கட்டத்தைப் பார்த்தேன். ஒரே மஞ்சள் மூட்டம், நடுவுல நான் ஆவி மாதிரி. கிளாஸே சாட்ல "டேக் கேர்" போடுது. வைஃபையைத் திட்டினேன். கடைசியில கேமராவைத் தடவினா, விரல்ல சந்தனம்.

நான் குளிக்கப் போன நேரத்துல அம்மா புது லேப்டாப்புக்குப் பூஜை போட்டிருக்காங்க. அதுக்கு நெத்தி எதுன்னு தேடி, மேல நட்டநடுவுல பொட்டு.

"ஏம்மா அங்க வெச்சீங்க?"

"பின்னே கீபோர்டுலயா வைப்பாங்க?"

துடைச்சதும் மேடம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "புகை குறைஞ்சிடுச்சா?"ன்னாங்க.

பின்னாடி அம்மா: "பார்த்தியா, முதல் நாளே உன் பேர் ஞாபகம் இருக்கு. பொட்டு வேலை செய்யுது!"

என் கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரல.

நாளைக்குப் பிரிண்டர் வருது. அதுக்கு நெத்தி எங்க இருக்குன்னு யாராச்சும் முன்கூட்டியே சொல்லுங்க லா.