எப்படியாவது ஓர் அத்தாட்சி

செத்துப்போன மனிதரைக் கலியாணப் படத்தில் நிற்க வைத்ததால்தான் எனக்கு விசா மறுத்தார்கள். இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே இப்போது சில நேரம் வருகிறது. கடிதம் வந்த அந்த செப்டெம்பரில் வரவில்லை.

நாவற்குடா ஜெப வீட்டில் என்னோடு முழங்கால் போட்டவர்களுக்கு என் கதையில் பாதி தெரியும். மீதிப் பாதியை நீங்களே ஆளுக்கு ஆள் இட்டுக்கட்டி வைத்திருக்கிறீர்கள். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார் பாஸ்டர். செய்ததைச் சொல்லுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

என் பெயர் சுகந்தி. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் கணவர் ரூபன் பழுகாமத்துக்காரர். அகதியாகக் கனடாவுக்குப் போனவர். அவருடைய அப்பா இங்கே மாரடைப்பில் இறந்தபோது அங்கே அவருடைய வழக்கு முடிந்திருக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. தகப்பனின் பெட்டி மூடுவதை அந்தப் பிள்ளை போனில்தான் பார்த்தது. குடியுரிமை கிடைத்த பிறகு ஊருக்கு வந்து, ஓகஸ்ட் மாதம் என்னைக் கட்டினார்.

கலியாணத்தன்று ஸ்டூடியோக்காரரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணன், அப்பாவையும் எங்களோட நிக்க விடுங்க."

நம்மூரில் இது புதிதல்ல. எத்தனை வீட்டுச் சுவரில் இறந்தவர்கள் மாலை போட்ட கலியாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஓர் ஆள் இடம் விட்டு நின்றோம், படம் எடுத்தார். மாமா வாவியில் இறால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். சாரத்தையும் சட்டையையும் தவிர வேறொன்றும் அவர் உடம்பில் ஏறியதில்லை. ஸ்டூடியோக்காரர் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை எடுத்து, யாரோ ஒருவரின் கறுப்புக் கோட்டுக்கு மேலே வைத்து, ரூபனுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். படத்தைப் பார்த்து மாமி ஒப்பாரி வைத்தார். "உசிரோட இருக்கக்குள்ள இந்த மனுசன் ஒரு சப்பாத்துப் போட்டதில்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ரூபனும் அழுதார். அந்தக் கலியாண அல்பத்தில் ஆக நல்ல படம் அதுதான்.

ஜனவரியில் விண்ணப்பம் அனுப்பினோம். எங்களுடையது உண்மையான கலியாணம் என்று காட்ட வேண்டும். பைல் சேர்த்தது நான். பதிவுச் சான்றிதழ், போனில் பேசிய கணக்கு, விமானச் சீட்டு எல்லாம் வைத்தேன். ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்டத்தான் வழி இல்லை. வீட்டு உறுதிப் பத்திரம் அம்மாவிடமிருந்து என் பெயருக்கு வந்தது. இங்கே வீடு பெண்ணுக்குத்தானே. கரண்ட் பில்லும் என் பெயரில். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பது நமக்குச் சோறு தின்பது மாதிரி. அதற்கு ஒரு துண்டுக் கடுதாசி கேட்பார்கள் என்று யார் கண்டது? அந்தக் குறையை மறைக்க, மாமா நிற்கிற அந்த நல்ல படத்தை முதலாவதாக வைத்தேன். படிவத்தில் "கணவரின் தகப்பன்" என்ற இடத்தில் "இறந்துவிட்டார்" என்று எழுதி, இறந்த திகதியையும் பிழையில்லாமல் போட்டேன். பொய் சொல்லக் கூடாது அல்லவா!

என் புத்தியை என்னவென்று சொல்ல.

மறுப்புக் கடிதம் சுருக்கமாக இருந்தது. கலியாணத்துக்கு முன்பே இறந்தவர் கலியாணத்தில் நிற்கிறார். படம் மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே மற்றவற்றையும் நம்ப முடியாது. இந்தக் கலியாணம் குடியேறுவதற்காகச் செய்யப்பட்டதாகத் தெரிகிறது. இவ்வளவுதான்.

கடிதம் வந்தபோது நான் மூன்று மாதம். ஜூனில் ரூபன் லீவில் வந்து ஓகஸ்ட் கடைசி வரை நின்றிருந்தார். முதல் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப் போய்விட்டுத்தான் பிளேன் ஏறினார்.

பெண்கள் ஜெபத்தை நடத்தும் ரஞ்சி அக்காவிடம் ஓடினேன். அவர் என் வயிற்றில் கை வைத்துச் சொன்னார்.

"இதுக்கு ஏன் தங்கச்சி அழுறாய்? புள்ளையே சாட்சி. புள்ளையோட போய் நில்லு, ஆர் இல்லை எண்டுறது எண்டு பாப்பம்."

எனக்கு அது தேவ வாக்காகப் பட்டது. பதினான்கு பேர் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தோம். நான் ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். "ஆண்டவரே, எப்படியாவது ஓர் அத்தாட்சி தாரும். எப்படியாவது தாரும்." வீட்டுக்கு வந்து வயிற்றைத் தடவி, "நீதான் மகன் அம்மாவை அப்பாட்டக் கூட்டிக்கொண்டு போகணும்" என்பேன். பிறக்காத பிள்ளைக்கு நான் வேலை கொடுத்துவிட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பிறகு கண்டுபிடித்தேன்.

நவம்பரில், ஐந்து மாதத்தில், பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க நொந்து பெற்றேன். ஆண் பிள்ளை. என் இரண்டு உள்ளங்கையும் அவனுக்குப் போதும். ஒரு முறை பார்க்கத் தந்தார்கள். பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மாதத்தில் போனால் பிறப்பும் பதிவதில்லை, இறப்பும் பதிவதில்லை. அவனுக்குப் பெயர் இல்லை. குழியும் இல்லை.

இனி உங்களைப் பற்றி. கோபிக்காதீர்கள், சாட்சி என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெபக்குறிப்பைப் போல வேகமாய் ஓடுகிற தபால் உலகத்தில் இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் என் செய்தி ஆரையம்பதி தாண்டிவிட்டது. ரூபன் போன திகதியையும் பிள்ளையின் மாதத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தவர்கள் நம் ஜெப வீட்டு வாங்குகளில்தான் இருக்கிறார்கள். ரஞ்சி அக்கா வந்து, "எங்கயோ மறைவான பாவம் ஒண்டு கிடக்கு, நல்லா யோசிச்சுப் பார்" என்றார். மாமி பழுகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். சோறு சமைத்தார், எனக்குத் தலை சீவி இழுத்துவிட்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"புள்ளையைக் காட்டி விசா எடுக்கப் பாத்தா ஆண்டவர் சும்மா இருப்பாரா மகள்?"

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். மற்றவர்கள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். மாமி சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றோடு ஜெபத்தை விட்டேன்.

டிசம்பரில் ஒரு மழை நாள். கர்ப்பமானதும் கிளினிக்கில் எழுதித் தந்த அட்டை, அந்தக் கிளினிக் காட்டைக் கையில் எடுத்தேன். வாவியில் எறிந்துவிடுவோம் என்று வாசலுக்கு வந்தபோது ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பரீதா மிஸ். எங்கள் பகுதிக்கு மிட்வைஃப். காத்தான்குடியில் இருக்கிறார். பிள்ளை பறிகொடுத்த தாயைப் பார்க்க வருவது அவருடைய கடமை. உபவாசம் இருந்தவர்கள் நாங்கள் பதினான்கு பேர், பதிலைக் கொண்டுவந்தவரோ அபாயாவுக்கு மேல் மழைக்கோட் போட்டுக்கொண்டு வந்தார். யாரை அனுப்புவது என்று ஆண்டவர் நம்முடைய கமிட்டியைக் கேட்பதில்லை.

"கையில என்ன புள்ள?"

"காட் மிஸ். எறியப் போறன்."

அவர் அதை வாங்கினார். நான் கசக்கியிருந்ததைத் தன் முழங்காலில் வைத்து நீவி நீவி விரித்தார். அதை வாசித்தபடி சொன்னார்.

"கலியாணம் முடிஞ்ச மாசம் உங்கட வீட்டப் பதிய வந்தன், ஞாபகமா? உங்கட மாப்பிள்ள கிணத்தடியில நிண்டவரு. குடும்பக் கட்டுப்பாடு எண்டு நான் வாயத் திறந்ததும் கோழிக்கூட்டுக்குப் பின்னால ஓடினவரு."

அந்த நினைப்பில் நான் சிரித்தேன். பிள்ளை போனபிறகு முதல் சிரிப்பு. அது அழுகையில் முடிந்தது. படம், கடிதம், உபவாசம் எல்லாவற்றையும் சொன்னேன். பரீதா மிஸ் காட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் கிளினிக் திகதி, ரூபனின் இரத்த வகை, அவருடைய கையெழுத்து எல்லாம் நீல மையில் இருந்தன.

"வீடு வீடாப் போய், ஆரு ஆரோட குடும்பமா இரிக்கிற எண்டு எழுதுறதுதானே என்ட தொழில். அவரு ரெண்டு தரம் வந்து நிண்டதும் என்ட ரெஜிஸ்டர்ல இரிக்கி. இத ஏன் புள்ள நீங்க அனுப்பல்ல?"

"புள்ள பிறந்தாப் பிறகு, புள்ளையோட சேர்த்து அனுப்புவம் எண்டு இருந்தன் மிஸ்."

அவர் காட்டை என் கையில் வைத்தார்.

"என்ட ரெஜிஸ்டரப் பாத்து, டொக்டர்ட கையெழுத்தோட ஒரு கடிதம் எடுத்துத் தாறன். காட் உங்கட. அத அனுப்புறதா இல்லையா எண்டு நீங்கதான் யோசிக்கணும்" என்று எழுந்தார்.

நான் கேட்ட அத்தாட்சி அதுதான். கேட்டபடியே ஆண்டவர் தந்துவிட்டார்.

ரூபனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"என்ட மகனைப் பைலுக்குள்ள வைக்காத சுகந்தி."

"நீங்க உங்கட அப்பாவை வெச்சீங்கதானே" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த ஆகக் கொடுமையான சொல் அது. இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே சொல் எழுதி அனுப்பினார். "அனுப்பு."

புதிதாக விண்ணப்பித்தோம். மாமாவின் இறப்புச் சான்றிதழை வைத்தேன். ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி, மாற்றுவதற்கு முந்தின படத்தையும் வாங்கி வைத்தேன். அதில் ரூபனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் வெறுமையாய் இருந்தது. பரீதா மிஸ்ஸின் கடிதம், ஆஸ்பத்திரி அறிக்கை, அதன் மேல் கிளினிக் காட். போட்டோ கொப்பி வைத்தால் இதையும் மாற்றியது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். ஒரிஜினலையே வைத்தேன். கொடுப்பவை திருப்பித் தரப்பட மாட்டா என்று படிவத்தில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஏப்ரலில் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். முதல் பைலில் இருந்த படத்தை என் முன்னால் வைத்தார்கள்.

"இவர் யார்?"

"என்ட மாமா. ரூபன்ட அப்பா."

"உயிரோடு இருக்கிறாரா?"

"இல்ல. கலியாணத்துக்கு முந்தியே செத்துப்போனார்."

"அப்படியானால் ஏன் இதில் நிற்கிறார்?"

"மகன்ட கலியாணத்துக்கு அவர் வராம இருக்க ஏலாதே."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். பிறகு கிளினிக் காட்டை எடுத்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தார். நவம்பருக்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாய் இருந்தன.

"இந்தக் குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது?"

"அதுக்குக் கீழ இருக்கிற கடுதாசியில இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரி அறிக்கையை வாசித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் விசா வந்தது. ஸ்தோத்திரம். பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுப்போன ஜெபத்தை மறுபடியும் ஆரம்பித்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வெறுமனே முழங்காலில் இருந்தேன். மாமி ஓடி வந்து கட்டிப்பிடித்து, "நான் சொன்னத மறந்திரு மகள்" என்றார். ஓம் என்றேன். மறக்கவில்லை.

என் பிள்ளை இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு என் கையில் மிஞ்சியிருந்தது அந்தக் காட் ஒன்றுதான். நான் ரூபனின் மனைவி என்பதற்கு அதைக் கொடுத்துவிட்டேன். இப்போது அது எங்கோ ஓர் அலுவலகத்தில், எங்கள் இலக்கம் போட்ட பைலில் கிடக்கிறது. போட்டோ கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் ரூபனின் நீலக் கையெழுத்து கறுப்பாக விழுந்திருக்கிறது. மாமா நிற்கிற படத்தின் இன்னொரு பிரதி சுவரில் இருக்கிறது. அதை மாமியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஸ்டூடியோக்காரர் நல்ல மனசோடுதான் கேட்டார், "தங்கச்சி, புள்ளையையும் ஒரு படத்தில வெச்சுத் தரட்டா?" என்று. வேண்டாம் என்றேன்.

நான் மாறியிருக்கிறேன். இப்போது யாருக்காவது துன்பம் என்று ஜெபக்குறிப்பு வந்தால் அதை அடுத்தவருக்குச் சொல்வதில்லை. அந்த வீட்டுக்குப் போய்ச் சட்டி பானை கழுவிவிட்டு வருகிறேன். பரீதா மிஸ்ஸிடம் கற்றது. அவர் அன்று என்னிடம் ஒரு நியாயமும் பேசவில்லை, காட்டை நீவித்தான் கொடுத்தார்.

வருகிற வியாழக்கிழமை நான் போகிறேன். உங்களில் இரண்டு மூன்று பேர் பைல் சேர்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நம்பிக் கேளுங்கள். அவர் தருவார், இதற்கு நான் சாட்சி, என்னால் மறுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளே, கேட்கும்போது "எப்படியாவது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.