தொட்டிக்காரன் வீட்டில் ஒரு படகு

ஃபைபர் வேலை செய்கிறவனுக்குச் சொறிவதற்கென்றே தனியாக ஒரு கை வேண்டும். இருக்கிற இரண்டு கையோடு, கடல் பக்கமே இல்லாத சங்கரன்கோவிலில் இருபது வருடமாகத் தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, கார் பம்பர் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்கள் நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாயசம் பேசியது

என் மனைவி ரெஜினாவுக்குச் சொந்த ஊர் கடலோரத்து உவரி. அவள் தம்பி சேவியர் மீன் பிடிக்கிறவன். அவனுடைய பழைய ஃபைபர் படகு பாறையில் தட்டி, அடியில் வெடித்துவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் அவன் இதைச் சொல்லி வருத்தப்பட, இரண்டாம் முறை பாயசம் வாங்கிய சந்தோஷத்தில் நான், "தொட்டியும் ஃபைபர், படகும் ஃபைபர். வீட்டுக்கு அனுப்பு மாப்ள, ஒரே மாசத்துல முடிச்சுத் தாரேன்" என்றேன்.

மறு வாரமே லாரியில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு இறங்கியது படகு. சேவியர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். வெடிப்பைத் தேய்த்தால் இன்னொரு வெடிப்பு, பலகையைத் தொட்டால் உள்ளே உளுத்த மாவு. ஃபைபரை ஒட்டுகிற ரெசின் வெயிலில் டப்பாவிலேயே இறுகிப் புகைந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் ரெஜினா டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எந்தம்பி இன்னைக்கும் அடுத்தவன் வலையத்தான் இழுக்கான். நீங்க டீயக் குடிங்க."

சந்தைக்கு வந்தவர்

குருவிகுளம் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த ஆட்டுக்காரர் ஒருவர் படகை இரண்டு தடவை சுற்றி வந்தார். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி என்று நினைத்து, எத்தனை ஆடு நின்று குடிக்கலாம் என்று கேட்டார். இடுப்பு வலியோடு படகுக்குள்ளிருந்து இறங்கி வந்து, இது கடலுக்குப் போகிற படகு என்று விளக்கினேன். அவர் மேகமே இல்லாத வானத்தை நிதானமாக அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அம்புட்டு மழையா வரப்போவுது, தம்பி?"

நூலில் விழுந்த தூள்

எதிர்வீட்டு முருகேசன் சேலை நெய்கிற விசைத்தறி வைத்திருக்கிறார். சாயம் போட்ட நூலை வீட்டு முன்னால் காயப்போடுவார். நான் மெஷினை வைத்துத் தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பறந்து நேராக அந்த நூலில் போய் உட்காரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் சொறிந்து சொறிந்து முழங்கை வரை சிவந்த கையோடு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்தார். என் கையும் அதே சிவப்பில் இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். "அண்ணாச்சி, ஒங்க படகு எங்கன வேணும்னாலும் போட்டும். எஞ் சேலையக் கட்டுனவ கோயில்ல நின்னு சொறியக் கூடாது."

தண்ணீர் லாரி

தொட்டியை எப்படிச் சோதிப்போம்? தண்ணீர் நிரப்பிப் பார்ப்போம். படகையும் லாரி டயர்கள்மேல் ஏற்றி, முழங்கால் அளவு நிரப்ப ஒரு தண்ணீர் லாரி சொன்னேன். லாரி திரும்புவதற்குள் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. படகுக்கு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பாதியை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தேன். கடைசியாக நின்ற அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "குடிக்கவங்களுக்கு வாரம் ஒருக்க. குடிக்காததுக்கு லாரியோட வருது."

மிச்சத் தண்ணீரை இரண்டு நாள் வைத்திருந்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. வெளிப்புறம் பள்ளங்களை அடைக்கிற பட்டி பூசி, நீலப் பெயிண்டும் அடித்து, சேவியரை வரச் சொன்னேன்.

விரல் மடக்கித் தட்டியவன்

சேவியர் பெயிண்டைப் பார்க்கவில்லை. குனிந்து, அடிப்பாகம் முழுக்க விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் உள்ளே வெற்றாக இருப்பதுபோலச் சத்தம் பொள்ளையாக வந்தது. எல்லா ஒட்டும் உள்பக்கம்தானா என்று கேட்டான். ஆமாம், தொட்டிக்கு அப்படித்தானே ஒட்டுவோம் என்றேன். வெளியே வெறும் பட்டியும் பெயிண்டும்தான்.

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலாம். தட்டிப் பார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோயிருந்தால் என்று நினைத்ததும் பெயிண்ட் டப்பாவை அவன் கண்ணில் படாமல் காலால் ஓரமாகத் தள்ளினேன். அவனோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "அத்தான், நீங்க தண்ணி வெளிய போவாம அடைச்சிருக்கீக. கடல் உள்ள வாரதுக்குல்லா நிக்கும்."

நனையாத கால்

நான்கு நாள் அவனும் கூட இருந்தான். முருகேசனின் தறி ஆட்களும் கைகொடுக்க, படகைக் கவிழ்த்து, நான் ஆசையாக அடித்த நீலத்தை எல்லாம் உரித்து, வெளியிலிருந்து மூன்று அடுக்குக் கண்ணாடி இழை ஒட்டினோம். இந்தத் தடவை முருகேசன் நூலை முன்கூட்டியே உள்ளே எடுத்துவிட்டார்.

லாரியில் உவரிக்குத் திரும்பிய படகு கடலில் இறங்கிய அன்று காலையில் எனக்கு இட்லி இறங்கவில்லை. ரெஜினா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பத்து மணிக்குப் போன் அடித்தது. எடுத்ததும் இன்ஜின் சத்தம், காற்று. அதற்குள்ளிருந்து சேவியரின் குரல்: "அத்தான், காலு நனையல."

இப்போதெல்லாம் பந்தியில் எவராவது படகுப் பேச்சை எடுத்தால், பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் நான் இலையை மடித்துவிடுகிறேன்.